மேகத்து ஓடையை அடைப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

ஆக்கல், காத்தல், அழித்தல் எனத் தொழில்களை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். கணிப்பொறி பயிலும் நாமோ முதல் தொழிலையே பெரிதும் பயில்கிறோம். நிரல் எழுதுவது எப்படி, தரவுத்தளம் அமைப்பது எப்படி என்றெல்லாம் பாடங்கள் உண்டு. காத்தலுக்கும் ஒன்றிரண்டு பாடங்கள் உண்டு. வேலை முடிந்தபின் ஒன்றை முறையாக அழிப்பது எப்படி என்பதற்கு மட்டும் பாடத்திட்டத்தில் ஓர் அலகுகூட இல்லை.

மேகக் கணிமையில் ஓடும் ஒரு தரவு ஓடையைச் சிறு நிரல் ஒன்றைக் கொண்டு அழிப்பது பற்றி இக்கட்டுரையில் காண்போம். அழிக்கும் ஆணை ஒரே ஒரு வரிதான். அந்த வரியை எழுதுவதற்கு முன் நாம் என்னவெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வந்தது.

ஓடை என்றால் என்ன?

மேகக் கணிமை என்றவுடன் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் கணிப்பொறிகளை நாம் இருந்த இடத்திலிருந்தே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதுதான் அது. அமேசான் நிறுவனம் இத்தகைய மையங்களை 2016இல் மும்பையிலும், 2022இல் ஐதராபாத்திலும் திறந்தது.

அங்கே தரவுகளை இரு வகையாகக் கையாளலாம். குளத்தில் தண்ணீரைத் தேக்குவதுபோல் தேக்கி வைப்பது ஒரு வகை. நாம் படிக்கும் தரவுத்தளம் அத்தகையது. வாய்க்காலில் விடுவதுபோல் ஓடவிடுவது மற்றொரு வகை. பிறக்கும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்திற்கு நொடிக்கு நொடி தரவு ஓடிக்கொண்டே இருக்கும். இதுவே தரவு ஓடை.

ஓடைக்கு வேலை கொடுக்கும் இடங்கள் நம் கொங்கு நாட்டில் ஏராளம். பல்லடத்திலும் உடுமலையிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். காற்றின் வேகம், இறக்கையின் சுழற்சி, பிறக்கும் மின்சாரம் என ஒவ்வொரு காற்றாலையும் ஓயாமல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நூற்பாலைகளில் கதிர்கள் சுற்றும் வேகமும் நூல் அறுபடும் கணக்கும் அவ்வாறே. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்கள் மழையையும் வெயிலையும் அளந்த வண்ணம் உள்ளன. நாள் முடிந்தபின் மொத்தமாகப் பார்த்தால் போதாது. நடக்கும்போதே பார்க்க வேண்டும் என்ற தேவை எழும் இடமெல்லாம் ஓடை பயன்படும்.

இவ்வகை மென்பொருள்களில் புகழ்பெற்றது காஃப்கா. லிங்க்டுஇன் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 2011இல் எல்லோரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடப்பட்டது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவரான நேகா நார்கெடே புனேயில் வளர்ந்தவர். அமேசான் நிறுவனம் 2013 நவம்பரில் கினேசிஸ் என்ற பெயரில் தன் ஓடைச் சேவையை அறிமுகம் செய்தது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு இயக்கம் என்று பொருள். இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது கினேசிஸ் ஓடையையே.

நமக்குப் பழக்கமான கீழ்பவானி வாய்க்காலைக் கொண்டு இதை விளக்கலாம். பவானிசாகர் அணையில் தொடங்கி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது அவ்வாய்க்கால். தலைமதகில் தண்ணீர் விடுகிறார்கள், வழியெங்கும் உள்ள மதகுகள் வழியாக வயல்களுக்குப் பிரிகிறது, கடைசியில் கடைமடை. தரவு ஓடையிலும் தலைமதகு உண்டு. அளவீடுகளை உள்ளே விடும் நிரல்கள் அங்கே இருக்கும். கடைமடையும் உண்டு. அளவீடுகளை எடுத்துப் படிக்கும் நிரல்கள் அங்கே இருக்கும்.

ஓடையின் கொள்ளளவு ஷார்டு எனப்படும் கிளைகளால் அளக்கப்படுகிறது. ஒரு கிளையில் நொடிக்கு 1 மெகாபைட் அல்லது 1000 பதிவுகள் உள்ளே செல்லலாம். நொடிக்கு 2 மெகாபைட் வெளியே வரலாம். உள்ளே சென்ற பதிவு வழக்கமாக 24 மணி நேரம் ஓடையில் இருக்கும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் 365 நாள் வரை வைத்திருக்கலாம். காலக்கெடு முடிந்த பதிவு தானே மறைந்துவிடும்.

வாய்க்காலுக்கும் தரவு ஓடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்காலில் மேல்மடைக்காரர் எடுத்த தண்ணீர் கீழ்மடைக்காரருக்குக் கிடைக்காது. தரவு ஓடையிலோ ஒருவர் படித்த பதிவு அப்படியே இருக்கும், அடுத்தவரும் படிக்கலாம். ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழை ஒருவர் படித்து வைத்தபின் மற்றவரும் எடுத்துப் படிப்பது போன்றது இது. இந்த வசதியால்தான் ஓர் ஓடையை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அழித்தலில் உள்ள தொல்லையெல்லாம் இங்கிருந்தே பிறக்கிறது.

ஓடாத ஓடைக்கும் வாடகை

எதற்காக அழிக்க வேண்டும்? பேசாமல் விட்டுவிட்டால் என்ன? நண்பர்கள் இப்படிக் கேட்கக்கூடும்.

கினேசிஸ் ஓடையில் ஒரு சொட்டுத் தரவுகூட ஓடாவிட்டாலும், ஓடை இருக்கும் வரை மணிக்கணக்கில் வாடகை ஏறும். அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்து விலைப்பட்டியலைக் கொண்டு நான் கணக்கிட்டேன். ஒரு கிளைக்கு மணிக்கு 0.015 டாலர். ஒன்றரை சென்ட் என்பது கேட்பதற்கு அற்பத் தொகைதான். ஆனால் மாதத்திற்கு 720 மணி நேரம். பெருக்கினால் 10 டாலர் 80 சென்ட். நம் பணத்தில் ஏறத்தாழ 950 ரூபாய்.

இத்தொகையை நம் கல்லூரி மாணவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் அத்திட்டம், 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் நம் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 முதலே உள்ளது. என் பேருந்துச் செலவும் பதிவேட்டுச் செலவும் அந்த ஆயிரத்தில்தான் நடக்கின்றன. யாரும் பயன்படுத்தாத ஓடை ஒன்று மறதியாக விடப்பட்டால், ஒரு மாணவனின் மாத உதவித்தொகையை ஏறத்தாழ முழுவதுமாக அது சத்தமில்லாமல் குடித்துவிடும்.

ஒரு தறிக்கூடத்து ஓடை

என் தந்தை சோமனூர் அருகே ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். துறைக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று நண்பர்கள் இருவரோடு யோசித்தபோது, அந்தத் தறிக்கூடமே நினைவுக்கு வந்தது.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் தமிழக அரசு 1000 யூனிட்டாக உயர்த்தியது. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. கூலிக்கு நெய்யும் சிறு கூடங்களுக்கு, அந்த ஆயிரம் எந்த நாளில் தாண்டுகிறது என்பது முக்கியமான செய்தி. எனவே கூடத்து உரிமையாளரின் ஒப்புதலோடு நான்கு இடங்களில் மின் அளவுக் கருவி பொருத்தினோம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணிப்பொறி அவற்றைப் பத்து நொடிக்கு ஒருமுறை படித்து ஓடைக்கு அனுப்பியது. ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு 8,640 அளவீடுகள். நான்குக்கும் சேர்த்து 34,560.

ஒரு சிறு தறிக்கூடத்திற்கு இவ்வளவு பெரிய ஓடை வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணக் கோப்பு ஒன்றே போதும். ஓடையைக் கற்றுக்கொள்ளவே ஓடையை அமைத்தோம். மறுமுனையில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று அளவீடுகளைக் கோப்பில் எழுதும் பதிவு நிரல். மற்றொன்று மின்செலவை வரைபடமாகக் காட்டும் நிரல். கண்காட்சி நல்லபடியாக நடந்தேறியது. அடுத்து ஓடையை அழிக்கும் வேலை. அப்பொறுப்பு என்னிடம் வந்தது.

அழிக்கும் ஒரு வரி

நிரலின் மொழி பைத்தான். அமேசான் சேவைகளோடு பேசுவதற்கு அதில் போட்டோ3 என்ற நிரல் தொகுப்பு உண்டு. அமேசான் ஆற்றில் வாழும் ஒரு வகை ஓங்கிலின் பெயர் அது.

அழிக்கும் நிரலை மூன்றே வரியில் எழுதிவிடலாம். முதல் வரி போட்டோ3 தொகுப்பை அழைக்கும். இரண்டாம் வரி, எந்த மையம் என்று பெயர் சொல்லிக் கினேசிஸ் சேவையோடு இணைப்பை ஏற்படுத்தும். மூன்றாம் வரி, ஓடையின் பெயரைச் சொல்லி 'டெலீட் ஸ்ட்ரீம்' என்று ஆணையிடும். அவ்வளவுதான்!

இதைத் திரையில் பொத்தானை அழுத்திச் செய்தால், 'உறுதியாக அழிக்கலாமா?' என்று ஒருமுறை கேட்கும். நிரல் கேட்காது. ஆணை சென்றவுடன் ஓடை 'அழிந்துகொண்டிருக்கிறது' என்ற நிலைக்கு மாறும். சிறிது நேரத்தில் ஓடையும், அதன் கிளைகளும், உள்ளே இருந்த பதிவுகள் அனைத்தும் இல்லாமல் போகும். இதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது. மீட்டெடுக்கும் பொத்தானும் கிடையாது. அதே பெயரில் புதிய ஓடை ஒன்றை உண்டாக்கலாம்; பழைய பதிவுகள் அதில் வரமாட்டா.

இதை என் தந்தையிடம் விளக்கியபோது அவர் சொன்னார்: "பாவு அறுக்க ஒரு நிமிசம் போதும் கண்ணு. பிணைக்கறதுக்குத்தான் ஒரு நாளாகும்." கணிப்பொறியைத் தொட்டறியாத அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் வரவேண்டிய வரிகள்

ஆகவே நல்ல நிரலில் அழிக்கும் வரி கடைசியில்தான் வரவேண்டும். அதற்கு முன் வரவேண்டிய படிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, பெயரும் மையமும். ஒரே கணக்கில் மும்பையில் ஓர் ஓடையும், ஐதராபாத்தில் அதே பெயரில் மற்றோர் ஓடையும் இருக்க முடியும். மையத்தின் பெயரை மாற்றி எழுதிவிட்டால் இரண்டு விதத்தில் கேடு விளையும். அங்கே அதே பெயரில் ஓடை இருந்தால், அழியக்கூடாதது அழியும். இல்லாவிட்டால், 'அப்படி ஓர் ஓடை இல்லை' என்ற பிழைச்செய்தி வரும். அதைப் பார்த்து, ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருப்போம். உண்மையான ஓடைக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். எனவே கணக்கு எண், மையம், ஓடையின் பெயர், கிளைகளின் எண்ணிக்கை, பதிவுகள் தங்கும் காலம் ஆகிய ஐந்தையும் நிரல் முதலில் திரையில் காட்ட வேண்டும். ஓடையின் பெயரை மனிதர் தம் கையால் தட்டச்சு செய்து, அது சரியாகப் பொருந்தினால்தான் மேலே செல்ல வேண்டும்.

இரண்டாவது, தலைமதகை மூடுதல். தரவை உள்ளே அனுப்பும் நிரல்களை நிறுத்த வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓடை அழிந்துகொண்டிருக்கும் நிலையிலும் சில நேரம் புதிய பதிவுகளை ஏற்றுக்கொள்ளும். அனுப்பிய நிரலோ 'சென்று சேர்ந்தது' என்று நம்பியிருக்கும். உண்மையில் அப்பதிவு அழியும் ஓடையோடு சேர்ந்து அழிந்துவிடும். கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவையில் உள்வரும் பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். அது சுழியாகி, சுழியாகவே சில நிமிடம் நின்றபின் அடுத்த படிக்குச் செல்வது நன்று.

மூன்றாவது, கடைமடை வரை வடியவிடுதல். தலைமதகை மூடியவுடன் வாய்க்கால் காய்ந்துவிடுவதில்லை. உள்ளே நிற்கும் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும். படிக்கும் நிரல் ஒவ்வொரு முறை பதிவுகளைக் கேட்கும்போதும், தான் எத்தனை மில்லிநொடி பின்தங்கியுள்ளது என்ற எண்ணும் விடையோடு சேர்ந்து வரும். எல்லாக் கிளைகளிலும் அந்த எண் சுழியானால், படிக்க வேண்டியது எதுவும் மீதமில்லை என்று பொருள்.

நான்காவது, பதிவு பெற்ற வாசகர்கள். சில நிரல்கள் ஓடையில் தம் பெயரைப் பதிந்துகொண்டு, தமக்கெனத் தனி வழியில் படிக்கும். அப்படி யாரேனும் இருந்தால் அழிக்கும் ஆணையைக் கினேசிஸ் ஏற்காது. 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்துவிடும். 'பரவாயில்லை, வாசகரையும் சேர்த்து அழி' என்று கட்டாயப்படுத்த ஒரு சொல் சேர்த்தால் போதும். அவசரக்காரர்கள் அச்சொல்லை முதலிலேயே சேர்த்து எழுதிவிடுவதுண்டு. அந்த மறுப்பு நமக்குத் தரப்படும் எச்சரிக்கை. யார் அந்த வாசகர் என்று விசாரித்த பின்பே அதை மீற வேண்டும்.

ஐந்தாவது, நகல். ஓடையில் எஞ்சியுள்ள 24 மணி நேரப் பதிவுகளைக் கோப்பாக எழுதி, எண்ணிக்கை பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். எழுதியதோடு நின்றுவிடாமல், கோப்பைத் திறந்து படித்தும் பார்க்க வேண்டும்.

ஆறாவது, அழித்தலும் காத்திருத்தலும். ஆணை கொடுத்தவுடன் நிரலை முடித்துவிடக் கூடாது. ஓடை உண்மையிலேயே மறைந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் காத்திருக்கும் வசதி போட்டோ3இல் உண்டு. பத்து நொடிக்கு ஒருமுறையாகப் பதினெட்டு முறை கேட்கும். அதாவது மூன்று நிமிடம்.

ஏழாவது, எச்சங்கள். ஓடை போனாலும் அதைச் சுற்றி முளைத்தவை தாமாகப் போவதில்லை. படிக்கும் நிரல் எதுவரை படித்தோம் என்று குறித்து வைக்கும் சிறு அட்டவணை, எச்சரிக்கை மணிகள், அனுமதிச் சாவிகள் ஆகியன அப்படியே கிடக்கும். அவற்றையும் பட்டியலிட்டு நீக்க வேண்டும். சாவி பற்றி ஒரு சொல்: தறிக்கூடத்தில் இருந்த சிறு கணிப்பொறிக்கு ஓடையில் எழுதும் அனுமதி மட்டுமே தந்திருந்தோம். அழிக்கும் அனுமதி தனிச் சாவியில் இருந்தது. வீட்டுச் சாவியையும் பெட்டிச் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி வாசலில் தொங்கவிடுவார் உண்டோ?

கணிப்பொறி சொல்லாத விடை

இவ்வளவையும் நிரலில் எழுதி முடித்தேன். மூன்று வரியில் முடியும் நிரல் ஐம்பது வரிக்கு மேல் வளர்ந்திருந்தது. இருந்தும் ஒரு கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியவில்லை: இந்த ஓடையை நம்பியிருப்பவர் யார்?

வாசகர் பட்டியலைக் கேட்டால், பதிவு பெற்ற வாசகர்களை மட்டுமே கினேசிஸ் காட்டும். சாதாரண முறையில் படிக்கும் நிரல்கள் அப்பட்டியலில் வரமாட்டா. கண்காணிப்பு எண்களைப் பார்த்தால் யாரோ படிக்கிறார்கள் என்பது தெரியும். இன்னார் என்பது தெரியாது. அந்த நிரலுக்குப் பின்னால் அமர்ந்து அதன் விடைக்காகக் காத்திருக்கும் மனிதரையோ எந்த எண்ணும் காட்டாது.

எங்கள் காகிதத்தில் இருந்தவை இரண்டே நிரல்கள். இரண்டும் எங்களுடையவை. இருந்தாலும் அழிக்கும் முன் தறிக்கூடத்து உரிமையாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் தினமும் இரவில் எங்கள் வரைபடத்தைத் தம் கைப்பேசியில் பார்த்து வந்திருக்கிறார். எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்று பார்த்து, மறுநாள் இரவு ஷிப்டுக்கு எத்தனை தறி ஓட்டுவது என்று முடிவு செய்வாராம்.

"இன்னும் அஞ்சு நாள்ல ரீடிங் எடுக்க வந்துருவாங்க கண்ணு. அது வரைக்கும் உட்டு வெச்சிருங்க. அப்புறம் நான் பழையபடி மீட்டரைப் பார்த்து எழுதிக்கறேன்" என்றார்.

ஐந்து நாள் என்பது 120 மணி நேரம். 1 டாலர் 80 சென்ட். நம் பணத்தில் 160 ரூபாய் அளவு. அதை நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம். மின்வாரியத்தார் வந்து கணக்கெடுத்துச் சென்ற மறுநாள், நிரலை ஓட்டினோம். அதற்குமுன் அவருக்கு இரண்டு மாத அளவீடுகளையும் நாள்வாரியாக அச்சடித்துக் கொடுத்தோம்.

கீழ்பவானியில் தண்ணீரை நிறுத்தும் நாள் உழவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. ஒரு முறை ஒற்றைப்படை மதகுகளுக்கு, மறுமுறை இரட்டைப்படை மதகுகளுக்கு என்று ஒழுங்கும் உண்டு. கடைமடைக்காரர் நாற்றோடு நிற்கும்போது முன்னறிவிப்பின்றி மதகை இறக்குவது முறையாகாது என்பதை நம் ஊர் உழவர் எவரும் அறிவர். தரவு ஓடைக்கும் அதே முறை வேண்டும். இன்ன நாளில் நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்துக் காத்திருப்பதற்கு எந்த நிரலும் தேவையில்லை. ஒரு கடிதமோ, ஒரு நடைப்பயணமோ போதும்.

உலகம் கற்ற பாடங்கள்

இது ஏதோ மாணவர்களின் சிறு விளையாட்டு என்று எண்ண வேண்டாம். ஓடை அல்லாத பிற அமைப்புகளில், பெரிய நிறுவனங்களும் அழித்தலில் அடிபட்டிருக்கின்றன.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைக் கணிப்பொறியில் அழிக்க எண்ணிய தரவுத்தளக் கோப்புறையை, முதன்மைக் கணிப்பொறியில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில், நிறுத்துவதற்குள் எஞ்சியது 4.5 கிகாபைட் அளவே. நகல்கள் எடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும் அவற்றில் பல வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு திரும்பவேயில்லை.

அடுத்த மாதம் 28ஆம் நாள் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் சில கணிப்பொறிகளை நீக்க ஓர் ஆணை இடப்பட்டது. அதில் ஒரு மதிப்பு தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டதால் நினைத்ததைவிட மிகுதியான கணிப்பொறிகள் நீங்கின. எண்ணற்ற இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. அமேசான் ஆணையையே திருத்தியது. கணிப்பொறிகளை மெதுவாகவே நீக்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எண்ணிக்கை போகுமானால் ஆணை தானே மறுக்க வேண்டும் என்று மாற்றி அமைத்தது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிறுவனம் கூகுள் மேகத்தில் வைத்திருந்த தனி அமைப்புகளில் ஒன்று முழுவதும் அழிந்தது. எவரும் அழிக்கும் ஆணையை இடவில்லை. அமைக்கும்போது ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால், ஓராண்டு கெடு என்று அமைப்பு தானாக எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் அழித்துவிட்டது. 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்திற்கு மேல் தவித்தனர். வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது.

மூன்றிலும் பிழை சிறியது, விளைவு பெரியது. எதை, எங்கே, எவ்வளவு அழிக்கப் போகிறோம் என்பதை ஆணை ஓடுவதற்கு முன் கண்முன் காட்டும் ஏற்பாடு இருந்திருந்தால் மூன்றுமே தடுக்கப்பட்டிருக்கலாம்.

அழிப்பதும் கடமை

இவற்றைப் படித்துவிட்டு, 'எதையும் அழிக்காமல் இருப்பதே நல்லது' என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் நம் துறையின் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: அங்கே சில ஓடைகள் யாருக்காக ஓடுகின்றன என்று எவருக்கும் தெரியாது, அழித்தால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் மாதந்தோறும் வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். அச்சம் வேறு, கவனம் வேறு. கவனம் உள்ளவன் விசாரித்து அறிந்து, செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பான்.

வாடகையைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. ஒரு கூடத்தின் மின் அளவீட்டைக் கையில் வைத்திருப்பவர், அங்கே எப்போது வேலை நடக்கிறது, எப்போது ஆள் இல்லை, எந்த மாதம் தறி நின்றது என்பதையெல்லாம் அறிந்துகொள்ளலாம். பிறர் வீட்டுச் செய்தி அது. நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்திற்காகத் தனிநபர் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறியபின் அதை அழிக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம்மிடம் உள்ளதை அழிப்பதே நாணயம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! கண்காட்சிக்கும் செய்முறைத் தேர்வுக்கும் நாம் ஆண்டுதோறும் பலவற்றை மேகத்தில் உண்டாக்குகிறோம். உண்டாக்கும் நாளிலேயே இரண்டு செய்திகளை ஒரு காகிதத்தில் எழுதி வைப்போம். இதை யார் யார் பயன்படுத்துகிறார்கள்? எந்த நாளில் இதை அழிக்கப் போகிறோம்? புதிதாக ஒருவர் பயன்படுத்தத் தொடங்கினால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுவோம். அந்தக் காகிதம் சரியாக இருந்தால், அழிக்கும் நிரலை எழுதுவது அரைநாள் வேலைதான்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், வழிமுறை, நிரல், விளைவு என்று நான்கு தலைப்புகள் உள்ளன. ஐந்தாவதாக 'நீக்கும் முறை' என்றொரு தலைப்பைச் சேர்க்கலாம். அதற்கும் ஓரிரு மதிப்பெண் ஒதுக்கினால், உண்டாக்கியதை ஒழுங்காக முடிக்கத் தெரிந்தவர்களாகவும் நாங்கள் இக்கல்லூரியைவிட்டு வெளியேறுவோம்.